வெறுமையாக விட்ட இடத்துக்கும் புள்ளி உண்டா?

கேள்வி:

மண்டூரில் சித்திரம் படிப்பிக்கிறேன். எங்கள் பாடசாலைக்கு அன்பளிப்பாக வந்த புத்தகங்களில் ஒன்று இந்திய நவீன ஓவியம் பற்றியது. அதில் பிரபாகர் பர்வே என்ற ஓவியரின் படங்கள் சில இருந்தன. மணிக்கூடு, இலை, மேகம், திறப்பு என்று எல்லாம் நாளாந்தம் காணும் பொருள்கள். ஒவ்வொன்றும் இன்னதென்று தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன தொடர்பு என்று விளங்கவில்லை. சுற்றிவர ஒன்றுமில்லாத இடம்தான் அதிகம். தரம் 11 பிள்ளைகளுக்குக் காட்டினேன். “இது பாதியில விட்ட படமா ரீச்சர்?” என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. வீட்டுப் பொருள் ஒன்றை வரைந்துகொண்டு வரச் சொன்னேன். ஒரு பிள்ளை தாளின் வலது பக்க மேல் மூலையில் சுளகு ஒன்றின் பாதியை வரைந்து, மிச்சத் தாளை அப்படியே விட்டுக் கொண்டுவந்தாள். “முடிச்சிட்டியா?” என்றேன். “ஓம் ரீச்சர், இவ்வளவுதான் படம்” என்றாள். சோம்பலா, யோசித்துச் செய்ததா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

என் கேள்விகள் மூன்று. பர்வேயின் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும்? பார்த்த உடனே தெரிகிற பொருள்களை வரைந்தவரை அரூப ஓவியத்தோடு சேர்த்துப் பேசுவது எப்படி? அந்தப் பிள்ளைக்கு நான் என்ன புள்ளி போடுவது?

சித்திர ஆசிரியை ஒருவர், மண்டூர்


பதில்:

அன்பின் ஆசிரியைக்கு,

மூன்றாவது கேள்விதான் உங்களுக்கு அவசரம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். புள்ளி போடுவதற்கு முன் அந்தப் படத்தை எடுத்து ஒன்றை மட்டும் பாருங்கள். சுளகின் திறந்த வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? மூன்று பக்கம் விளிம்பு உயர்ந்து ஒரு பக்கம் விரிந்து கிடப்பது சுளகு. அந்த விரிந்த பக்கம் வெறும் தாளை நோக்கியிருந்தால், அந்த வெறுமை சுளகுக்கு உரியது. புடைக்கும்போது உமியும் பதரும் பறக்கிற இடம் அதுதான். சுளகின் வேலையெல்லாம் சுளகுக்கு வெளியே, அதற்கு முன்னால் இருக்கிற காற்றில் நடக்கிறது. அந்த இடத்தை ஒரு பிள்ளை தாளில் முக்கால்வாசிக்கு விட்டிருக்கிறாள் என்றால், அவள் தாளை வீணாக்கவில்லை.

வாய் தாளின் ஓரத்தை நோக்கித் திரும்பியிருந்தால் அது வேறு கதை. அதைப் பிறகு பார்ப்போம். இப்படிப் பார்க்கப் பழகுவதற்குப் பர்வேயைப் போலத் துணை செய்யக்கூடிய இந்திய ஓவியர்கள் குறைவு. ஆகவே அவரிடம் போவோம்.

பிரபாகர் பர்வே 1936இல் மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில், அலிபாக்கை அடுத்த நாகாவ் என்ற ஊரில் பிறந்தார். மும்பையின் ஜே. ஜே. கலைக் கல்லூரியில் படித்து 1959இல் வெளியே வந்தார். 1960களின் முதற்பாதியில் வாரணாசியில் உள்ள நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக வேலை செய்தார். பிறகு மும்பை மையத்துக்கு மாறி, அங்கும் நெடுங்காலம் இருந்தார். 1995இல் மறைந்தார். வாழ்க்கைக் குறிப்பை எழுதுகிறவர்கள் வாரணாசி என்றதும் தாந்திரிகக் குறியீடுகளைத்தான் முதலில் சொல்வார்கள். அவருடைய தொடக்ககாலப் படங்களில் அந்தச் செல்வாக்கு இருந்தது உண்மை. ஆனால் உங்கள் கேள்விக்கு அதைவிட முக்கியமானது அவர் சம்பளத்துக்குச் செய்த வேலை, அதாவது துணிக்கு வடிவம் போடுவது.

சேலைக்கு வடிவம் போடுகிறவர் பூவை மட்டும் வரைந்துவிட்டு எழுந்து போக முடியாது. ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவில் எவ்வளவு விட வேண்டும் என்பதுதான் அவருடைய பெரிய கேள்வி. கொஞ்சம் நெருக்கினால் சேலை இரைச்சலாகிவிடும். கொஞ்சம் விலக்கினால் பூக்கள் ஒன்றையொன்று தெரியாததுபோல் தனித்தனியே நிற்கும். நெசவாளருக்குப் பூ விழும் இழையும் ஒன்றுதான், வெறும் உடல் விழும் இழையும் ஒன்றுதான். இரண்டையும் அவர் நெய்துதான் ஆக வேண்டும். தறியில் வெறுமையாக விட்டுவிடுவது என்று ஒன்று கிடையாது. இந்த ஒழுங்கு பல வருடங்கள் பர்வேயின் கையில் ஊறியது. அவருடைய கன்வாசில் ‘ஒன்றுமில்லாத’ இடம் அவ்வளவு உறுதியாக நிற்பதற்கு இதை ஒரு காரணமாக நான் நினைக்கிறேன். பூவைப் போலவே அதையும் அவர் வரைந்திருக்கிறார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அரூபம் என்றதும், பொருள்கள் எல்லாம் மறைந்து நிறமும் கோடும் மட்டும் மிஞ்சுகிற படம் நம் நினைவுக்கு வருகிறது. அப்படிப்பட்ட வழி ஒன்று உண்டு. வி. எஸ். காய்தொண்டே (1924–2001) அந்த வழியில் மிகத் தூரம் போனவர். அவருடைய பிற்காலப் படங்களில் இன்ன பொருள் என்று விரல் வைக்க எதுவும் இல்லை. பர்வே அந்த வழியில் போகவில்லை. பொருளின் உருவத்தை அவர் விட்டுவைத்தார். அதன் வேலையையும் இடத்தையும் உரித்தெடுத்தார்.

மணிக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அது சுவரில் தொங்குகிறது. பாடசாலைக்கு நேரமாகிவிட்டதா என்று நாம் நிமிர்ந்து பார்க்கிறோம். பார்த்தது நேரத்தை, மணிக்கூட்டை அல்ல. அதன் வட்டம் சுவரில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் என்ன வடிவம் பிறக்கிறது என்பதையெல்லாம் நம் கண் ஒருநாளும் கவனித்ததில்லை. பர்வே அதன் சுவரை எடுத்துவிடுகிறார். நேரம் பார்க்கிற ஆளை எடுத்துவிடுகிறார். இலைக்குக் கிளை இல்லை. திறப்புக்குப் பூட்டு இல்லை. சட்டை ஊசிக்குச் சட்டை இல்லை. வேலை போனதும், இதுவரை நாம் பார்க்காமல் விட்ட உருவம் முன்னுக்கு வருகிறது. அதோடு, பக்கத்தில் இருக்கிற இன்னொரு பொருளோடு அதற்குப் புதிய உறவு ஒன்றும் ஏற்படுகிறது. மேகத்தின் விளிம்பும் இலையின் விளிம்பும் ஒரே வளைவை எடுக்கும். மணிக்கூட்டின் வட்டத்துக்குப் பழம் ஒன்றின் வட்டம் பதில் சொல்லும். நிழல்கூடச் சில இடங்களில் தன் பொருளை விட்டு விலகித் தனியான ஒரு உருப்படியாக நிற்கும்.

பொருள் தெரிகிறது, ஆனால் பொருளை வைத்துக் கதை சொல்ல முடியவில்லை என்ற இந்த நிலைதான் பர்வேயின் அரூபம். ஆகவே “மணிக்கூடு என்றால் காலம், இலை என்றால் இயற்கை, திறப்பு என்றால் விடுதலை” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். இதை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அந்த விளக்கம் கொப்பியில் எழுதுவதற்கு வசதியாக இருக்கும், ஆனால் எழுதிய நிமிடத்திலிருந்து யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள். விடையைக் கண்டுபிடித்தாகிவிட்டது, இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கண் ஓய்ந்துவிடும்.

படத்தின் முன் பிள்ளைகளை இருத்தி, அவர்களால் பார்த்தே பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பொருள் பெரிதாக இருக்கிறது, உண்மையில் அது அவ்வளவு பெரிதா? எந்த இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கின்றன? அவை தொட்டுக்கொண்டால் என்ன ஆகும்? இந்த இலையைக் கையால் மறைத்தால் படம் எந்தப் பக்கம் சாய்கிறது? மூன்று நான்கு கேள்விக்குள் பிள்ளைகள் தாங்களாகவே வெறும் இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். “பாதியில விட்ட படமா?” என்ற கேள்விக்குப் பதிலை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அச்சுப் புத்தகத்தில் தெரியாத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பர்வே தம்முடைய பல படங்களுக்குப் பயன்படுத்தியது இனாமல் பெயின்ற். கேற்றுக்கும் யன்னல் கம்பிக்கும் அடிக்கிறோமே, அந்த வகைதான். ஓவியர்கள் வழக்கமாக எடுக்கும் எண்ணெய் வர்ணம் தூரிகை போன தடத்தைக் காட்டிக்கொடுக்கும். மேடும் பள்ளமுமாகக் காயும். இனாமல் அப்படி இல்லை. பூசியதும் தானாகப் பரவி, மட்டமாகி, பளபளப்பாக இறுகிவிடும். கை போன சுவடு அதிகம் தெரியாது. இதனால் என்ன நடக்கிறது என்றால், வெறும் இடம் பொருளுக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் இருக்கிற சுவராகத் தெரிவதில்லை. பொருளும் வெறுமையும் ஒரே தோலாக, ஒரே கனத்தில் கிடக்கின்றன. கண் எதற்கு முதலிடம் கொடுப்பது என்று தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தைத்தான் அவர் வேண்டிச் செய்தார். ஊரில் யாராவது கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் இருந்தால் வாங்கி, ஒரு பலகைத் துண்டில் பாதிக்கு இனாமலும் பாதிக்குப் போஸ்டர் கலரும் பூசிக் காய விட்டு, பிள்ளைகளிடம் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இங்கே ஒரு பந்தியில் சொன்னதை அவர்களுடைய விரல் உடனே சொல்லிவிடும்.

பர்வே எண்ணியதை எழுதியும் வைத்தவர். சொற்களும் சிறு கோட்டுருக்களும் கலந்த நாட்குறிப்புகள் அவரிடம் இருந்தன. 1990இல் மராத்தியில் ‘கோரா கன்வாஸ்’ என்ற நூலை வெளியிட்டார். சாந்தா கோகலேயின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வந்தது. வெறும் கன்வாசிலிருந்து ஓவியம் ஒன்று எப்படி உருவாகிறது என்பதை ஓவியரே நிதானமாக யோசிக்கிற நூல் அது. 2019இல் மும்பையின் தேசிய நவீன ஓவியக் கூடம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிப் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. அங்கே படங்களோடு நாட்குறிப்புகளும் வைக்கப்பட்டன. உங்கள் பிள்ளைகளுக்கு இதிலிருந்து ஒரு நல்ல பழக்கம் கிடைக்கும். சித்திரக் கொப்பியின் ஒரு பக்கத்தில் படம், எதிர்ப்பக்கத்தில் “இதை ஏன் இங்கே வைத்தேன்” என்று இரண்டு வரி. இரண்டு வரி போதும்.

இதே பாதையில் வேறு விதமாக நடந்த ஒருவரையும் உங்கள் வகுப்புக்கு அறிமுகம் செய்யுங்கள். நஸ்ரீன் முகமதி. 1937இல் கராச்சியில் பிறந்தவர். இலண்டனிலும் பாரிஸிலும் படித்து, 1972 முதல் பரோடாவின் கலைப் பீடத்தில் கற்பித்தவர். 1990இல் மறைந்தார். அவருடைய முதிர்ந்த படங்களில் பொருளே கிடையாது. பென்சிலும் மையும் கொண்டு, கட்டடப் படம் வரைகிறவர்களின் கருவிகளால் இழுத்த கோடுகள் மட்டும். சில இடத்தில் நெருங்கி, சில இடத்தில் விலகி, தாளின் குறுக்கே சாய்ந்து ஓடுகிற கோடுகள். இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு அவர் எடுத்த புகைப்படங்கள் ஒரு சாட்சி. உயிரோடு இருந்தவரை அவர் அவற்றைக் கண்காட்சிக்கு வைக்கவில்லை. தறியில் கட்டிய பாவு நூல், கடலோரத்து நீர், தரையில் பதித்த கற்கள், தெருவில் கீறிய கோடு என்று எல்லாம் நாளாந்தம் கண்ணில் படுகிறவை. நரம்பு நோயால் உடல் தளர்ந்துகொண்டு வந்த காலத்திலும் அந்தக் கோடுகள் துல்லியம் தவறவில்லை. 2016இல் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் நவீன கலைக்கென்று மெட் புரோயர் என்ற புதிய கிளையைத் திறந்தபோது, முதற் கண்காட்சிகளில் ஒன்றாக நஸ்ரீனின் படங்களை வைத்தது.

பர்வே பொருளை வைத்துக்கொண்டு அதன் சூழலை நீக்கினார். நஸ்ரீன் பொருளையும் நீக்கி, பொருள் விட்டுச்சென்ற இடைவெளியை மட்டும் வைத்தார். இருவருக்கும் தொடக்கம் ஒன்றே: கண் முன்னால் இருக்கிற சாதாரணப் பொருளை மிக நீண்ட நேரம் பார்ப்பது. இத்தாலியில் ஜோர்ஜோ மொராண்டி (1890–1964) தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு மேசையில் அடுக்கிய போத்தல்களையும் கிண்ணங்களையும் வரைவதில் செலவிட்டதும் இதே காரணத்தால்தான். பொலோஞ்ஞா நகரத்து வீட்டின் ஒரு சிறு அறையில் இருந்துகொண்டு, ஒரு போத்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அவர் மாற்றி மாற்றி வரைந்தார். அரூபத்துக்குப் போக விரும்புகிற பிள்ளை பொருளை அலட்சியம் செய்து அங்கே போய்ச் சேர முடியாது. இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் காண மும்பைக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கத் தேவையில்லை. மண்டூரில் இருந்து குருமண்வெளிக்குப் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். நடு வாவியில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. தூரத்தில் மரங்களின் ஒரு கோடு, வலைக்கு நட்ட கம்புகள், ஒரு தோணி. அந்தத் தோணி இல்லையென்றால் வாவி எவ்வளவு அகலம் என்று கண்ணால் சொல்ல முடியாது. தோணி எவ்வளவு சிறிதாகத் தெரிகிறதோ அவ்வளவு பெரிதாகத் தண்ணீர் தெரியும். பர்வே பெரிய கன்வாசில் சிறிய பொருளை வைப்பது இதே கணக்கில்தான். பெரும்போக அறுவடை முடிந்த, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல் வட்டையில் வரம்புகள் மட்டும் கோடு கோடாக நிற்பதையும் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் தெற்கே போனால் மருதமுனை. அங்கே கைத்தறி இருக்கிறது. ஒருநாள் வகுப்பை அங்கே கூட்டிக்கொண்டு போய், சேலையைப் பார்க்காமல் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நஸ்ரீன் நின்று பார்த்ததும் அதைத்தான்.

உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிற கதிர்காமத்து மரபு இன்றும் இருக்கிறது. மந்திரம் காதில் விழாததால் அந்தப் பூசை குறைந்துபோய்விட்டதாக மண்டூரில் ஒருவரும் நினைப்பதில்லை. ஓவியத்தை வழிபாட்டோடு ஒன்றாக வைக்க நான் முயலவில்லை. இரண்டும் வேறு வேறு. ஆனால் சொல்லாமல் விட்டதும் காட்டாமல் விட்டதும் குறை ஆகாது என்ற அறிவு உங்கள் வகுப்பறைக்கு வெளியே, பிள்ளைகள் வளர்கிற ஊரிலேயே இருக்கிறது. நவீன ஓவியம் விளங்காது என்று தயங்குகிற பெற்றோரிடம் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனமாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் வெறும் இடம் எப்போதும் அழகுக்கு உரியதாக இருந்ததில்லை. 1978 சூறாவளி, யுத்தம், 2004 சுனாமி என்று மட்டக்களப்பில் வீடு இருந்த இடம் வெறும் வளவாகிப்போன குடும்பங்கள் பல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ (தோம்பு என்றால் காணிப் பதிவேடு) என்ற படைப்பு இந்த இடத்தைத்தான் தொட்டது. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். கட்டடப் படம் வரைகிற முறையில் அது மீண்டும் வரையப்பட்டது. அதன் பக்கத்தில் சனாதனன் தம் ஓவியத்தை வைத்தார். கிணறு, குசினி, மாமரம், வாசல் என்று எல்லாம் அன்றாடப் பொருள்கள். நடுவில் இருப்பது வெறும் தாள். அந்தத் தாளின் கனம் பர்வேயின் வெறுமையில் இருப்பது அல்ல. ஆகவே ஒரு பிள்ளை தாளை வெறுமையாக விட்டால் அதற்கு இன்னதுதான் அர்த்தம் என்று நாமே முடிவுசெய்யக் கூடாது, துருவிக் கேட்கவும் கூடாது. “இந்த இடத்தைப் பற்றி ஏதும் சொல்ல விரும்புறியா?” என்று கேளுங்கள். சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனிச் சோம்பலையும் யோசனையையும் பிரித்தறிவது எப்படி என்பதற்கு வருவோம். எனக்குத் தெரிந்த வழிகள் இவை.

முதலில் சுளகின் ஓரத்தைப் பாருங்கள். வெறுமையைத் தொடுகிற கோடு எப்படிப் போயிருக்கிறது? யோசித்துச் செய்த பிள்ளை அந்த ஓரத்தில்தான் அதிகம் உழைத்திருப்பாள். பின்னலின் குறுக்கும் நெடுக்கும் விளிம்புக்கு வந்து மடங்குகிற விதம், விளிம்பைச் சேர்த்துக் கட்டியிருக்கிற விதம், ஓலை ஒன்று சற்று வெளியே துருத்தி நிற்பது போன்றவை கண்ணில் பட்டிருக்கும். அவசரத்தில் விட்டவள் ஓரத்தை ஒரே இழுப்பில் முடித்திருப்பாள்.

அடுத்து, இடத்தைச் சோதியுங்கள். அதே அளவு சுளகை வேறு தாளில் வெட்டி எடுத்து, ஒரு வெறும் தாளின் மேல் வைத்து நடுவுக்கும் கீழுக்கும் இடப்பக்கத்துக்கும் நகர்த்திப் பாருங்கள். எங்கே வைத்தாலும் ஒன்றுபோல இருந்தால் அந்த இடம் தற்செயலாக அமைந்தது. மேல் மூலையை விட்டு நகர்த்தும்போது படம் சப்பென்று ஆகிவிட்டால், அவளுடைய கண் சரியாக வேலை செய்திருக்கிறது. வெட்டுப்பட்ட பாதியையும் பாருங்கள். தாளின் விளிம்பு சுளகை எந்த இடத்தில் வெட்டுகிறது? எஞ்சியதை வைத்து முழுச் சுளகையும் நம் மனம் தாளுக்கு வெளியே வரைந்துகொள்கிறதா? வரைந்துகொண்டால் அவள் தாளைவிடப் பெரிய படம் ஒன்றைச் செய்திருக்கிறாள்.

அதன் பிறகு திசை. முதலில் கேட்டேனே, வாய் எந்தப் பக்கம் என்று. அது வெறுமையை நோக்கியிருந்தால் நல்லது. தாளின் ஓரத்தை நோக்கியிருந்தால் உடனே புள்ளியைக் குறைக்காதீர்கள். சுளகு நமக்கு முதுகைக் காட்டி நிற்கிற படம் அது. அதுவும் ஒரு முடிவாக இருக்கலாம். மறுபக்கம் திருப்பி வரைந்தால் எப்படி இருக்கும் என்று அவளையே ஒருமுறை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். எது தன்னுடைய படம் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

மற்றப் பிள்ளைகளையும் விட்டுவிட வேண்டாம். கதிரை ஒன்றை நடுவில் வைத்து, கதிரையை வரையாமல் கால்களுக்கு நடுவில் தெரிகிற இடைவெளிகளை மட்டும் வரையச் சொல்லுங்கள். முடிவில் வரையாத கதிரை தானாக எழுந்து நிற்கும். இடைவேளை நேரத்தில் முற்றத்தில் ஒரு குடத்தையோ சைக்கிளையோ நிறுத்தி, அதன் நிழலைச் சோக்கட்டியால் தரையில் கீறச் சொல்லி, பிறகு பொருளை எடுத்துவிடுங்கள். தரையில் மிஞ்சுகிற உருவத்தை வகுப்பே சுற்றி நின்று பார்க்கட்டும். நிழல் ஏன் தனியே ஒரு உருப்படி ஆகிறது என்பது அங்கே விளங்கும். மட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றோடொன்று பொருத்திச் சட்டமாகப் பிடித்து, வகுப்பறை யன்னலைப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டத்தை ஒடுக்கியும் விரித்தும் பார்க்கிற பிள்ளைக்கு, எதை உள்ளே எடுப்பது எதை வெளியே விடுவது என்பது தன் கையில் இருக்கிறது என்று தெரியும். ஒன்றுக்கும் காசு செலவில்லை.

பரீட்சையைப் பற்றிய கவலை உங்களுக்கு இருக்கும், நியாயமானதே. பரீட்சையில் பொருள்களை அடுக்கி வைத்துப் பார்த்து வரையச் சொன்னால், அங்கே முழுப் பொருளும் அளவும் நிழலும் வேண்டும். சுளகை முழுசாக, பின்னல் பிசகாமல் வரைய அந்தப் பிள்ளைக்கு வர வேண்டும். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். பர்வேயும் முறையான கலைக் கல்லூரிப் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் பொருள்களை வெளியில் மிதக்கவிட்டார். ஆனால் அந்தப் பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும், கொப்பியில் இந்தத் தேடல் இன்னொரு பக்கம் நடக்கட்டும். இடைவெளியைப் பார்க்கப் பழகிய கண் பரீட்சைப் படத்திலும் பொருளின் அளவைப் பிழையில்லாமல் பிடிக்கும். ஏனென்றால் குடத்தின் வளைவைச் சரியாகக் காட்டுவதும் குடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றின் வளைவைச் சரியாகக் காட்டுவதும் ஒரே கோடுதான்.

ஆகவே புள்ளி. ஓரமும் இடமும் திசையும் இந்தச் சோதனையில் நின்றால், வகுப்பில் அதிகப் புள்ளி இந்தப் படத்துக்கே கொடுங்கள்; ஏன் கொடுத்தீர்கள் என்பதை எல்லாப் பிள்ளைகளும் கேட்க உரக்கச் சொல்லுங்கள். நிற்காவிட்டாலும் பூச்சியம் போட வேண்டாம். “இந்த வெறுமைக்கு இன்னும் வேலை இருக்கு” என்று எழுதித் திருப்பிக் கொடுத்து, அதே சுளகை வேறு இடத்தில், வேறு அளவில் மீண்டும் வரையச் சொல்லுங்கள். மிச்சத் தாளை ஒரு வீட்டாலும் தென்னையாலும் நிரப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எதை வரைவது என்று எல்லாப் பிள்ளைகளும் முடிவெடுப்பார்கள். எதை வரையாமல் விடுவது என்று முடிவெடுக்க ஒரு பிள்ளை தானாகத் துணிந்திருக்கிறாள் என்றால், அந்தத் துணிவைக் காப்பாற்றிக் கொடுப்பது ஆசிரியையின் பொறுப்பு.